மலை வரிக்குதிரையா, சமவெளி வரிக்குதிரையா: எந்தக் கறி நல்ல கறி?

நமீபியாவின் ஸ்வகோப்மண்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். யுரேனியம் சுரங்கத்தில் பொறியாளர். உடன் வேலை செய்பவரின் குடும்பத்துக்கு உள்நாட்டு மேட்டுநிலத்தில் பண்ணை இருக்கிறது. அடுத்த மாதம் அங்கே வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். வரிக்குதிரை சுடுவார்களாம், கறி பங்கு தருவார்களாம். "மலை வரிக்குதிரையின் கறி நாறும், சமவெளி வரிக்குதிரைதான் சாப்பிட ஏற்றது என்கிறார் ஒரு வேட்டைக்காரர். இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார். இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது? உண்மையில் சுவை மாறுமா? சாப்பிட்டால் ஆபத்து உண்டா? என்னுடன் வரும் நண்பர் முஸ்லிம், அவர் சாப்பிடலாமா? கொஞ்சம் உலர்த்தி ஊருக்கு எடுத்து வர முடியுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

நான் கால்நடை மருத்துவன், இறைச்சிப் பரிசோதனையில் பல ஆண்டுகள் கழித்தவன். அந்த இரண்டு வேட்டைக்காரர்களும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தாங்கள் உணர்ந்த சுவைக்கு இருவருமே தவறான காரணத்தைச் சொல்கிறார்கள்.

முதலில் அடையாளம். இன்று உயிரோடு இருக்கும் வரிக்குதிரைகள் மூன்று இனம்: சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை. கிரேவி உங்கள் பக்கம் கிடையாது. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மட்டும் சில ஆயிரம் எஞ்சியிருக்கின்றன. அதை உண்பதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கென்யாவில் 1977 முதல் வேட்டையே தடை. அங்கே யாராவது வரிக்குதிரைக் கறி என்று நீட்டினால், எந்த இனமாக இருந்தாலும் அது திருட்டு வேட்டையில் வந்தது.

நமீபியாவில் நீங்கள் பார்க்கப்போவது இரண்டு. மேட்டுநிலப் பாறைகளில் ஏறி இறங்குவது ஹார்ட்மான் மலை வரிக்குதிரை. புல்வெளியில் குடும்பம் குடும்பமாக மேய்வது சமவெளி வரிக்குதிரை. அங்குள்ளவர்கள் இதைப் புர்ச்செல் என்பார்கள். வடக்கே உள்ள எட்டோஷா தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் இரண்டும் உண்டு. பண்ணைகளில் வாங்கி வந்து விடுவதும் நடக்கிறது. ஆகவே இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

வயிற்றைப் பாருங்கள். சமவெளி வரிக்குதிரையின் கோடுகள் விலாவிலிருந்து இறங்கி அடிவயிற்றைச் சுற்றிக்கொள்ளும். மலை வரிக்குதிரைக்கு அடிவயிறு வெள்ளை, கோடுகள் பாதியிலேயே நின்றுவிடும். கால்களில் இது தலைகீழ். மலை வரிக்குதிரைக்குக் குளம்பு வரை அழுத்தமான கோடு இருக்கும். தென்பகுதிச் சமவெளி வரிக்குதிரைக்குக் கால்கள் கீழே போகப் போக வெளிறிவிடும். வால் தொடங்கும் இடத்துக்கு மேலே மலை வரிக்குதிரைக்கு நெருக்கமான குறுக்குக் கோடுகள் இருக்கும், இறைச்சி சுடும் கம்பி வலையை அங்கே வைத்து எடுத்ததுபோல. சமவெளி வரிக்குதிரையின் பின்புறத்தில் அகன்ற கறுப்புக் கோடுகளுக்கு நடுவே மங்கிய பழுப்பு நிழல்கோடு ஓடும். இவை எதுவும் தெரியாத தூரம் என்றால் தொண்டையைக் கவனியுங்கள். நம் ஊர் மாட்டுக்கு இருப்பதுபோலச் சின்ன அலைதாடி தொங்கினால் அது மலை வரிக்குதிரை. வேறு எந்த வரிக்குதிரைக்கும் அது கிடையாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வது சுவைக்காக அல்ல. இனம் மாறினால் காகிதம் மாறும். இரண்டையுமே அரசு அனுமதி இல்லாமல் நமீபியாவில் சுட முடியாது. மலை வரிக்குதிரை கூடுதலாக, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தோலோ வேறு பகுதியோ எல்லை தாண்ட வேண்டுமானால் ஏற்றுமதிச் சான்று கட்டாயம். சமவெளி வரிக்குதிரை அந்தப் பட்டியலில் இல்லை. உங்களை அழைத்திருப்பவரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எந்த இனத்துக்கு அனுமதி என்று அதில் எழுதியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் கேப் மலை வரிக்குதிரையின் கதை இந்தக் கண்டிப்புக்குக் காரணத்தைச் சொல்லும். கடந்த நூற்றாண்டின் நடுவில் அது நூறுக்கும் கீழே போய்விட்டது. க்ரேடாக் ஊருக்கு அருகில் 1937இல் அதற்கென்றே ஒரு தேசியப் பூங்கா அமைத்து, மெதுவாக மீட்டெடுத்தார்கள். குவாக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முன்பாதியில் மட்டும் கோடு கொண்ட அந்தச் சமவெளி வகையைக் கறிக்கும் தோலுக்குமாகக் குடியேறிகள் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசி விலங்கு 1883 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்காவில் இறந்தது. அதன் குரலைக் கேட்டுப் பழங்குடியினர் வைத்த பெயர் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் தங்கிவிட்டது. இப்போதும் சில வயதான விவசாயிகள் சமவெளி வரிக்குதிரையை 'க்வாஹா' என்பார்கள். அழிந்த விலங்கைச் சுட்டதாகச் சொல்கிறாரே என்று திகைக்க வேண்டாம்.

இனிக் கறி. வரிக்குதிரை, குதிரையின் உறவு. கறியும் குதிரைக்கறியின் உறவுதான். கருஞ்சிவப்பு நிறம், மெல்லிய இனிப்பு. குதிரை இனத்தின் தசைகளில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு அதிகம், இனிப்பு அங்கிருந்து வருகிறது. நூறு கிராம் சதையில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கும், கொழுப்பு இரண்டு கிராமை ஒட்டியே இருக்கும். ஆட்டுக்கறிக்குப் பழகிய நாக்குக்கு இது வறண்ட கறி.

"நாறும்" என்ற புகார் சதையைப் பற்றியது அல்ல, கொழுப்பைப் பற்றியது. தோலுக்கு அடியிலும் பிடரிக்குக் கீழும் மஞ்சள் நிறத்தில் மெத்தென்று படிந்திருக்கும். ஆடு மாடு புல்லைத் தின்றால், முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லின் கொழுப்பு அமிலங்களை மாற்றிக் கெட்டிக் கொழுப்பாக்கிவிடும். அதனால்தான் ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் தட்டில் வெள்ளையாக உறைகிறது. வரிக்குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை. நொதித்தல் பின்குடலில்தான் நடக்கிறது. புல்லின் கொழுப்பு அதற்கு முன்பே, அப்படியே உடலில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கொழுப்பு இளகியது, காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மஞ்சள் நிறம் புல்லின் கரோட்டின், அதற்கும் நாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே பங்கு கைக்கு வந்ததும் மஞ்சள் தெரியும் இடத்தையெல்லாம் செதுக்கி எறியுங்கள். குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாடை சதையிலும் ஏறும்.

நன்றாக மழை பெய்த ஆண்டில் இரண்டு இனமும் கொழுக்கும், வறண்ட ஆண்டில் இரண்டும் எலும்பும் தோலுமாக நிற்கும். சென்ற முறை சுட்ட சமவெளி விலங்கு மெலிந்தது, இந்த முறை சுட்ட மலை விலங்கு கொழுத்தது என்றால், வேட்டைக்காரர் பழியை மலைமேல் போடுவார்.

இன்னொரு காரணத்தை நான் அதிகம் நம்புகிறேன். வரிக்குதிரைத் தோல் தடிப்பு, அதன் கீழே கொழுப்புப் படலம், உள்ளே ஒரு பெரிய பின்குடல் முழுக்க நொதிக்கும் புல். சுட்ட பிறகு உடம்பு தானாக ஆறாது, கம்பளி போர்த்தியதுபோல உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். வெட்டவெளியில் விழுந்த விலங்குக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அரைமணியில் குடலை எடுத்து, தோலுரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். பள்ளத்தாக்கின் அடியில் விழுந்த முந்நூறு கிலோ மலை வரிக்குதிரையை எத்தனை பேர் தூக்கி வருவது? வெட்டித் துண்டாக்கித் தோளில் சுமந்து ஏறுவதற்குள் பகல் போய்விடும். பின்தொடையின் ஆழத்தில் எலும்பை ஒட்டிய சதை அதற்குள் புளித்திருக்கும். அடிபட்டு ஓடிய விலங்கென்றால் இன்னும் மோசம். தசையிலிருந்த சர்க்கரையை ஓட்டத்திலேயே செலவழித்துவிடும். பிறகு சதையில் அமிலம் உண்டாகாது, கறுத்து ஒட்டும், சீக்கிரம் கெடும். மலை வரிக்குதிரையைப் பற்றி மேசையில் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை மலைச்சரிவின் குறைகள்.

எனவே பண்ணையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சுட்டதற்கும் குடல் எடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? ஒரே குண்டில் விழுந்ததா? வயதென்ன, ஆணா பெண்ணா? தோலுக்காகவும் தலைக்காகவும் சுடுபவர்கள் முதிர்ந்த ஆண் விலங்கைத் தேடுவார்கள். அந்தக் கறியை விருந்தாளிக்குத் தருவதைவிட ஷூ தைப்பவரிடம் தரலாம். இளம் பெண் விலங்கின் முதுகுச்சதை வேறு உலகம். தலைநகர் விண்ட்ஹுக்கின் உணவகங்களில் 'ஸீப்ரா ஸ்டேக்' என்று தருவது பெரும்பாலும் அந்தப் பகுதி. வேட்டைக்குப் போகும்முன் ஒருமுறை அங்கே சாப்பிட்டுப் பாருங்கள், நல்ல கறி எப்படி இருக்கும் என்ற அளவுகோல் கையில் இருக்கும்.

ஆபத்து பற்றி. தானாக இறந்து கிடந்த வரிக்குதிரையைத் தொடாதீர்கள், தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எட்டோஷாவில் ஆந்த்ராக்ஸால் சாகும் விலங்குகளில் வரிக்குதிரைக்கு முதன்மையான இடம் உண்டு. மழைக்காலத்தின் கடைசி மாதங்களில் அது அதிகம். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் தெரிந்தால் கத்தியை எடுக்கவே கூடாது. உடலைத் திறப்பதுதான் அந்தக் கிருமிக்கு நாம் செய்யும் உதவி.

வயிற்றைத் திறந்ததும் இரைப்பைச் சுவரில் ஈப்புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் புதியவர்கள் உண்டு. ஆரோக்கியமான வரிக்குதிரைக்கும் அவை இருக்கும், சதைக்கு வராது. கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத டிரிக்கினெல்லா புழுவைப் பற்றித்தான். பிரான்சிலும் இத்தாலியிலும் 1975 முதல் குதிரைக்கறியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டவர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றிருக்கிறார்கள். காட்டில் மேயும் வரிக்குதிரையில் அது அரிதுதான். ஆனாலும் உறைய வைத்தாலோ உலர்த்தினாலோ அந்தப் புழு சாகும் என்று நம்பக்கூடாது. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடட்டும். பண்ணையில் தரும் 'பில்ட்டாங்' என்ற உலர்கறி வேகாதது. அதைக் கொறிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் கொறிப்பதில்லை. கடையில் வாங்கினாலும் பெயரை முழுதாக நம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் காட்டுவிலங்கு பில்ட்டாங்கை மரபணுச் சோதனை செய்து 2013இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான பொட்டலங்களில் ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த விலங்கு வேறு.

சமைக்க ஒரு வார்த்தை. கொழுப்பை நீக்கிய பின்தொடையைச் சிறு துண்டாக்கி, பப்பாளிக்காய் அரைத்துப் பூசி ஒருமணி நேரம் வைத்து, குக்கரில் ஆட்டுக்கறியைவிடக் கூடுதல் விசில் விடுங்கள். கறியே இனிப்பு என்பதால் தக்காளியையும் வெங்காயத்தையும் குறைத்து மிளகைத் தாராளமாகப் போடுங்கள். எண்ணெய் நல்லெண்ணெயாக இருக்கட்டும், கறியில் இல்லாத கொழுப்பை எங்கிருந்தாவது தர வேண்டும்.

உங்கள் நண்பருக்கு: நாட்டுக் கழுதை கூடாது, காட்டுக் கழுதை கூடும் என்பது ஹதீஸ்களில் வரும் வேறுபாடு. இன்றைய அரபியில் வரிக்குதிரைக்கும் 'ஹிமார் வஹ்ஷி', அதாவது காட்டுக் கழுதை என்றே பெயர். அதை வைத்து ஆகுமானது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. சுட்ட முறையும், இறைவன் பெயர் சொல்லிச் சுட்டார்களா என்பதும் தனிக் கேள்விகள், அவற்றை அவருடைய ஆலிமிடம்தான் கேட்க வேண்டும்.

ஊருக்கு எடுத்து வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இறைச்சிப் பொருள்களை முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, உலர்ந்ததாக இருந்தாலும். விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். வரிக்குதிரை விஷயத்தில் நாடுகள் கெடுபிடி காட்டக் காரணமும் உண்டு. நமீபியாவிலிருந்து ஸ்பெயினின் ஒரு சஃபாரி பூங்காவுக்குப் போன வரிக்குதிரைகளோடு 1987இல் ஆப்பிரிக்கக் குதிரை நோயும் போய், அங்கிருந்த குதிரைகள் மடிந்தன. நமீபியாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து வந்தால் கால்நடை நோய் பரவாமல் தடுக்கப் போட்டிருக்கும் வேலியின் சாவடியில் பச்சைக் கறியை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். உங்கள் பங்கில் மிஞ்சுவதைப் பண்ணைத் தொழிலாளர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். 2024 வறட்சியில் நமீபிய அரசு மக்களின் உணவுக்காக 723 காட்டுவிலங்குகளைச் சுட முடிவு செய்தபோது, அதில் 300 வரிக்குதிரைகள்தான். அந்தக் கறியை எப்படிச் சமைப்பது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.