டெய்லர் பார்த்த ஆட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பற்றி நீங்கள் போட்ட சின்னக் குறிப்பைப் படித்தேன். இங்கிலாந்தின் முதல் டிவிஷனை (அப்போது அங்கே அதுதான் மேல்மட்ட லீக்) ஒரே ஒரு முறை ஜெயித்த கிளப், ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை மட்டும் இரண்டு முறை ஜெயித்தது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆபீஸ் வினாடி வினாவில் அதைக் கேட்டேன், ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் ஒரு நண்பர், "இதெல்லாம் வெறும் துணுக்கு. இதைத் தெரிந்துகொண்டதால் கால்பந்தைப் பற்றி உனக்கு என்ன தெரிந்துவிட்டது?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிரையன் கிளஃப் என்று ஒரு மேதை மேனேஜராக வந்தார், கோப்பைகள் வந்தன, கதை அவ்வளவுதானே? மீதி எல்லாம் உதிரித் தகவல்தானா? அப்புறம், இந்தக் கிளப்பைப் பற்றி இன்னும் நாலு துணுக்கு இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரத்துக்கு உதவும்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நீங்கள் கேட்ட துணுக்குகளை முதலில் தந்துவிடுகிறேன். காலில் கட்டும் ஷின் கார்டைக் கொண்டுவந்தவர் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர் சாம் வெல்லர் விடோசன். 1874இல் கிரிக்கெட் பேடை வெட்டிச் சிறிதாக்கி, காலுறைக்கு மேலேயே கட்டிக்கொண்டு ஆடினார். ஆர்சனலின் சிவப்பு நிறம் ஃபாரஸ்ட் கொடுத்தது. 1886இல் அந்த அணி புதிதாக ஆரம்பித்தபோது அதில் இருந்த பழைய ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் எழுதிக் கேட்க, இவர்கள் ஜெர்சி அனுப்பிவைத்தார்கள். 1959 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் முதல் கோலைப் போட்டுவிட்டு, அரைமணி கடந்த கொஞ்ச நேரத்தில் கால் உடைந்து வெளியே தூக்கிச் செல்லப்பட்ட ராய் டுவைட், பாடகர் எல்டன் ஜானின் ஒன்றுவிட்ட சகோதரர். அப்போது சப்ஸ்டிட்யூட் கிடையாது, மீதி ஆட்டத்தைப் பத்துப் பேராகவே ஆடி லூட்டன் டவுனை 2-1 என்று ஜெயித்தார்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில் வருவது. 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஃபாரஸ்டிடம் தோற்ற ஸ்வீடனின் மால்மோ அணிக்குப் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் என்ற ஆங்கிலேயர், அப்போது அவருக்கு 31 வயது. அதே ஹௌட்டன்தான் 2006இல் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்து, 2007, 2009 இரண்டு நேரு கோப்பைகளையும் வாங்கிக் கொடுத்து, நம்மை 2011 ஆசியக் கோப்பைக்குக் கூட்டிப்போனவர். உங்கள் ஆபீஸில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சரி, உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் "ஒரு மேதை வந்தார், கோப்பைகள் வந்தன" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது ஏன் சரியில்லை என்று எனக்குக் காட்டியதே இந்த மாதிரித் துணுக்குகள்தான்.

கிளஃப் ஃபாரஸ்டுக்கு வந்தது 1975 ஜனவரியில். அணி அப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. அவர் வந்த சீசனில் 16ஆம் இடம், அதற்கடுத்த முழு சீசனில் 8ஆம் இடம். மோசமில்லை, ஆனால் கோப்பை வாங்கப்போகிற அணி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1976 ஜூலையில் பீட்டர் டெய்லர் உதவி மேனேஜராகச் சேருகிறார். 1977இல் மூன்றாம் இடம் பிடித்து முதல் டிவிஷனுக்கு ஏறுகிறார்கள், 1978இல் அதே முதல் டிவிஷனை ஜெயிக்கிறார்கள், 1979இல் மியூனிக்கில் ஐரோப்பியக் கோப்பை, 1980இல் மாட்ரிட்டில் மறுபடியும். இதற்கு நடுவே 1977 நவம்பரிலிருந்து 1978 டிசம்பர் வரை லீக்கில் தொடர்ந்து 42 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். அந்தச் சாதனை 2004இல் ஆர்சனல் முறியடிக்கும் வரை நின்றது. 1982இல் டெய்லர் விலகுகிறார். கிளஃப் அதற்குப் பிறகு இன்னும் பதினொரு வருஷம் அங்கேயே இருந்தார், நல்ல அணிகளையும் உருவாக்கினார், 1989இலும் 1990இலும் லீக் கப் வாங்கினார், ஆனால் முதல் டிவிஷன் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் திரும்பி வரவே இல்லை. இதற்கு முன்னால் 1974இல், டெய்லர் இருவரும் சேர்ந்திருந்த பிரைட்டன் கிளப்பிலேயே தங்கிவிட, கிளஃப் தனியாக லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். 44 நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தேதிகளை வரிசையாக வைத்தபோதுதான் டெய்லர் கூட இருந்த அந்த ஆறு வருஷம் என் கண்ணில் பட்டது.

டெய்லர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. 1955இல் மிடில்ஸ்பரோவில் கோல்கீப்பராக இருந்தார். அங்கே ரிசர்வ் அணியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சென்டர் ஃபார்வர்டைப் பார்த்து, இவன்தான் இங்கே இருப்பதிலேயே நல்ல ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன்தான் கிளஃப். பின்னால் லீக்கில் 274 ஆட்டங்களில் 251 கோல் போட்டார். 1962 டிசம்பர் 26ஆம் தேதி, சண்டர்லேண்டுக்கு ஆடும்போது பரி அணியின் கோல்கீப்பரோடு மோதி முழங்கால் போனது, ஆட்ட வாழ்க்கை முப்பது வயதுக்குள் முடிந்தது. 1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் அணிக்கு மேனேஜராகக் கூப்பிட்டபோது முதல் வேலையாக டெய்லரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். அதாவது டெய்லர் கண்டெடுத்த முதல் ஆள் கிளஃப்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஃபாரஸ்டில் அவர் செய்ததற்கு ஒருவரை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ஜான் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர், 1970இலிருந்தே கிளப்பில் இருந்தவர். உடம்பு கொஞ்சம் பருத்து, சிகரெட்டும் எண்ணெய்ப் பண்டமுமாக, விற்பனைப் பட்டியலில் பெயர் ஏறி ஒதுக்கப்பட்டிருந்தார். டெய்லர் வந்த முதல் கோடைப் பயிற்சியிலேயே அவரைக் களத்திலிருந்து வெளியே போகச் சொல்லி, தனியே உட்காரவைத்து, உன்னிடம் இருக்கும் ஆட்டம் யாரிடமும் இல்லை, நீயே அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1976 டிசம்பரிலிருந்து 1980 டிசம்பர் வரை ராபர்ட்சன் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாமல் 243 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். மியூனிக் இறுதியை வீடியோவில் பாருங்கள், இடைவேளைக்கு முந்தைய நிமிஷம். இடது ஓரத்தில் பந்து அவர் காலுக்கு வருகிறது, எதிரே இரண்டு பேர் மறிக்கிறார்கள், வேகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பந்தை வெளிப்பக்கமாகத் தட்டி ஒரு கஜம் இடம் எடுத்துக்கொண்டு கோட்டோரத்திலிருந்து கிராஸ் போடுகிறார். அது கோல்கீப்பரையும் டிஃபென்டர்களையும் தாண்டி அந்தப் பக்கத்துக் கம்பம் வரை போக, ஓடிவந்த டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். 1-0. அடுத்த வருஷம் மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் ராபர்ட்சன் போட்டதுதான். பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் என்று ஃபிரான்சிஸ் பெயர் எல்லாத் துணுக்குப் புத்தகத்திலும் இருக்கும். பணம் கொடுத்து வாங்காமல், ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து திரும்ப எடுத்த ஆளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, எனக்கு அது பெரிய குறை.

கென்னி பர்ன்ஸ் கதையும் இதே மாதிரி. பர்மிங்ஹாமில் ஃபார்வர்டாக ஆடியவர், முரடர், சூதாடி என்று பெயர். டெய்லர் மாறுவேஷம் மாதிரி போட்டுக்கொண்டு நாய்ப் பந்தயத்துக்கே போய், அவர் எவ்வளவு பணம் கட்டுகிறார் என்று நின்று பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து வாங்கச் சொன்னார். வந்தவரை டிஃபென்ஸில் நிறுத்தினார்கள். 1978இல் கால்பந்து எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்த அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் பர்ன்ஸ். கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனை வாங்கியே ஆகவேண்டும் என்று நின்றவரும் பழைய கோல்கீப்பரான டெய்லர்தான். அந்த லீக் சீசன் முழுக்க, 42 ஆட்டங்களில், ஃபாரஸ்ட் வாங்கியது 24 கோல்.

இதனால் கிளஃப் சின்ன ஆளாகிவிட மாட்டார். நியூகாஸில் இலவசமாக விட்டுவிட்ட ஃபிராங்க் கிளார்க்கை 1975இலேயே கூட்டிவந்தது அவர்தான். கிளார்க்கின் கடைசி ஆட்டமே 35 வயதில் ஆடிய அந்த மியூனிக் இறுதி, பின்னால் கிளஃபுக்கு அடுத்த மேனேஜராகவும் அவரே வந்தார். ஃபாரஸ்டின் கறுப்பின ஆட்டக்காரர் விவ் ஆண்டர்சன் மீது எதிரணி ரசிகர்கள் பழங்களை எறிந்த நாட்களில் அவரைத் துளியும் பின்வாங்க விடாமல் களத்தில் நிறுத்தியதும் கிளஃப்தான். 1978 நவம்பரில் இங்கிலாந்தின் சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார் ஆண்டர்சன். ஆளைக் கண்டுபிடிப்பதில் டெய்லர், அந்த ஆளை நூறு மடங்காக ஆடவைப்பதில் கிளஃப். ஒருவர் இல்லாத இடத்தில் இன்னொருவர் பாதிதான்.

அவர்கள் பிரிந்ததும் ராபர்ட்சனால்தான், அதை நினைத்தால் இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1983இல் டெய்லர் டார்பி கவுண்டியின் மேனேஜராக இருந்தபோது, கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சனை அங்கே வாங்கிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம் பேசவே இல்லை. 1990 அக்டோபரில் டெய்லர் இறந்தார், கிளஃப் இறுதிச் சடங்குக்கு வந்தார்.

நாட்டிங்ஹாம் நகரத்தின் நடுவில் 2008இல் திறந்த சிலையில் கிளஃப் மட்டும் தனியாக நிற்கிறார். ஃபாரஸ்ட் மைதானத்தில் ஒரு பக்கத்து ஸ்டாண்டுக்கு டெய்லர் பெயர் வந்தது 2015இல், அவர் இறந்து 25 வருஷம் கழித்து. ஃபாரஸ்டுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து வேலை பார்த்த டார்பியில் 2010இல் வைத்த சிலையில் மட்டும் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

உங்கள் நண்பரிடம் அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1976 ஜூலையில் ஃபாரஸ்டில் சேர்ந்தவர் யார்? அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.