செல் துண்டு கிடக்கிற உடம்பை உருவலாமா?

தர்மபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. 2009 இல் காயப்பட்டவர். வலது பிட்டத்துக்குள் ஒரு செல் துண்டு (எறிகணைச் சிதறல்) இன்னும் கிடக்கிறது. போன காலபோகத்தோடு நாரி நோ தொடங்கி, இப்போது இரவில் கால்வரைக்கும் உழைகிறது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, 'இங்கே எல்லாரும் மசாஜ் தெரபிக்குப் போகிறார்கள், காசு அனுப்புகிறேன், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ' என்கிறார். அப்பாவோ பரியாரியார் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும் என்கிறார். உருவினால் துண்டு நகர்ந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்வது?"

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். உள்ளே தங்கிய துண்டைச் சுற்றி உடம்பு நார் இழையத்தால் ஒரு உறை கட்டிவிடும். எடுக்கப் போனால் கூடுதல் சேதம் வரும் என்றுதான் பல பேருக்கு டாக்டர்மார் அதை அப்படியே விட்டார்கள். இத்தனை வருடம் அசையாமல் கிடந்தது கை பட்டவுடன் ஓடிவிடாது. ஆனால் அது நரம்புக்குப் பக்கத்தில் கிடந்தால், மேலே முழங்கையை ஊன்றி அழுத்துவது ஆபத்து. பிட்டத்துக்குள்ளால்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அப்பாவின் கால் உழைவு நாரி எலும்பிலிருந்து வருகிறதா, இந்தத் துண்டிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் யாரும் அவரில் கை வைக்கக்கூடாது. அதனால் முதல் வேலை எக்ஸ்ரே. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே உலோகம் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அப்பா சொல்லமாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் கவனியுங்கள். நடக்கும்போது வலது செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? பாதம் தேய்கிறதா? அப்படியென்றால் நாள் கடத்தவேண்டாம். சலம் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி நோகிறதென்றால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவர்களையும் அழுத்தி உருவக்கூடாது.

இனி அண்ணா சொன்னது. ஒன்ராறியோவில் மசாஜ் தெரபி 1919 இலிருந்தே சட்டத்துக்குட்பட்ட தொழில். படித்து, பரீட்சை எழுதி, பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரில் வேலை செய்யலாம். இங்கே ஒரு பெயர்ப்பலகையை நம்பி அப்பாவைக் கொண்டுபோக முடியாது. அதற்காக எங்களிடம் அந்த அறிவு இல்லை என்று நினைக்காதீர்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில், உடம்பை உருவிவிடும் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்குள்ளேயே ஒன்பது வகை சொல்கிறார்கள். அப்பாவின் பரியாரியார் பரம்பரையாகக் கற்றவராக இருக்கலாம், நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். எக்ஸ்ரே படத்தை அவரிடமும் காட்டுங்கள். படத்தைப் பார்க்க மறுப்பவரிடம் உடம்பைக் கொடுக்கவேண்டாம்.

உருவினால் சுகம் வருமா? வரும், கொஞ்ச நாளைக்கு. நாரி நோவுக்கு மசாஜ் பற்றி நடந்த 25 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015 இல் சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு நோ குறைகிறது, நாள் போகப்போக அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்றே கண்டது. அந்த ஆய்வுகளின் தரமும் உயர்வில்லை என்று சேர்த்தே சொன்னது. நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்த காலத்தில் கண்டதும் அதுதான். இறுகிய தசை இளகும், அன்றிரவு நித்திரை வரும். அந்த இளக்கம் இருக்கும்போதே எழும்பி நடந்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தவர்கள் தேறினார்கள். உருவிவிட்டுப் படுத்தே கிடந்தவர்கள் அடுத்த கிழமையும் அதே நோவோடு வந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை எந்த ஆய்விலும் அளக்கத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் என்னிடம் வந்தார். இல்லாத பாதத்தின் பெருவிரல் கடிக்கிறது என்பார். எச்சக்காலைத் தொடவிடமாட்டார், பொய்க்காலும் போடமாட்டார். முதலில் மெல்லிய பருத்தித் துணியால், பிறகு துவாயால், பிறகு அவரது கையாலேயே தடவப் பழக்கினோம். ஐந்தாம் கிழமை மனைவி எண்ணெய் பூச விட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. உங்கள் அப்பாவும் காயப்பட்ட பக்கத்தை யாருக்கும் காட்டாமல்தான் இருந்திருப்பார். சாரத்தை இறுக்கிப் பிடித்தால் வற்புறுத்தவேண்டாம்.

டாக்டர் பார்த்துச் சம்மதித்தபின், வீட்டிலேயே செய்யலாம். குப்புறப் படுக்கவிட்டு வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, முள்ளந்தண்டு எலும்பில் அழுத்தாமல் அதன் இரு பக்கத்துத் தசையையும் உள்ளங்கையால் மெல்லத் தடவுங்கள். துண்டு கிடக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். மூச்சைப் பிடிக்கிறார், பல்லைக் கடிக்கிறார் என்றால் அழுத்தம் கூடிவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு வளவைச் சுற்றி ஒரு நடை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இந்தப் போகத்துக்கு வேறு யாரும் பிடிக்கட்டும்.

அண்ணாவின் காசை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஓட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இயன்மருத்துவத்துக்குக் கட்டணம் இல்லை. படம் எடுத்தபின் துண்டு எந்த இடத்தில் என்று சொன்னார்கள் என எனக்கு எழுதுங்கள்.