முதுகுத் தசையால் இதயத்தைச் சுற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு இதயம் வீங்கி, பம்பிங் 25 சதவீதம்தான் என்கிறார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதுகுத் தசையை எடுத்து இதயத்தைச் சுற்றித் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறதாமே, அதை எங்கே செய்கிறார்கள் டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்படி ஓர் ஆபரேஷன் இருந்தது உண்மைதான் அம்மா. இப்போது அதை யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. அதற்காக அலைந்து நாளை வீணாக்காதீர்கள்.

1985-இல் பாரிஸில் டாக்டர் அலன் கார்ப்பாந்தியே முதலில் இதைச் செய்து காட்டினார். அக்குளுக்குக் கீழே முதுகில் விசிறி போல விரிந்திருக்கும் தசையை, அதன் நரம்பும் ரத்தக் குழாயும் அறுபடாமல் பெயர்த்து, விலா எலும்பில் ஒரு துண்டை நீக்கி, அந்த வழியாக மார்புக்குள் விட்டு இதயத்தைச் சுற்றுவார்கள். பேஸ்மேக்கர் போன்ற கருவி, இதயம் துடிக்கும்போது தசையையும் சுருங்க வைக்கும். ஆனால் முதுகுத் தசை சீக்கிரம் களைத்துவிடுமே? அதனால் இரண்டு வாரம் ஆறவிட்டு, பிறகு பல வாரங்கள் மெல்ல மெல்லத் தூண்டிப் பழக்குவார்கள். தசை தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டு களைக்காத தசையாகிவிடும்! தொண்ணூறுகளில் படிக்கும்போது இதைப் பார்த்து, இனி இதுதான் வழி என்று நானும் நம்பினேன்.

பலர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அளந்து பார்த்தால் பம்பிங் பெரிதாக ஏறவில்லை. மிகவும் முடியாதவர்களுக்கோ அந்த ஆபரேஷனையும், தசை பழகும்வரையான வாரங்களையும் தாங்கும் தெம்பில்லை. அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஒப்பீட்டு ஆய்வும் போதிய நோயாளிகள் சேராமல் பாதியில் நின்றது. தசை அழுத்தியதைவிட, இதயம் மேலும் வீங்காமல் கச்சை மாதிரி பிடித்துக்கொண்டதுதான் பலன் தந்தது என்று பிறகு பலர் கருதினார்கள். அதே கச்சை வேலைக்காக இதயத்தைச் சுற்றி வலைப் பை ஒன்றைப் போட்டும் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

சரி, அப்பாவுக்கு என்ன வழி? இன்றைய மாத்திரைகளில் பல அன்று எங்களிடம் இல்லாதவை. நிறுத்தாமல் கொடுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்தும் பம்பிங் 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பற்றிக் கேளுங்கள். ஈசிஜியில் க்யூஆர்எஸ் (இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவுவதைக் காட்டும் அலை) அகலமாக இருந்தால், இதயத்தின் இரு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் அவருக்கு உதவலாம். அடுத்த முறை போகும்போது பழைய ஈசிஜிகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.