ஓநாய் ஷெரீஃபும் பாதி வந்த முழு செட்டும்

கேள்வி: தங்கை மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ‘ஃபேபிள்ஸ்’ என்ற ஆங்கில காமிக்ஸ் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பாட்டி கதைகளில் வருகிறவர்கள் போருக்குப் போகும் கதையாம். ஆன்லைனில் தேடினால் ஒன்றாம் புத்தகமே மூன்று விதமாக, மூன்று விலையில் கிடக்கிறது. எதை வாங்க?
– ஒரு தாய்மாமன், கொழிஞ்சாம்பாறை

பதில்: விலைக்கு முன்னால் வயதைப் பார்த்துவிடுவோம். ஸ்னோ ஒயிட், ஓநாய், மூன்று பன்றிக்குட்டிகள் என்று பெயர்கள் இருப்பதால் குழந்தைகள் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். பில் வில்லிங்ஹாம் எழுதி, டிசி நிறுவனம் தன் ‘வெர்டிகோ’ பிரிவில் 2002இல் தொடங்கிய தொடர் இது. பெரியவர்களுக்கான காமிக்ஸ் போடத்தான் அந்தப் பிரிவே இருந்தது. படையெடுத்து வந்த எதிரியிடம் சொந்த நாடுகளைப் பறிகொடுத்து நியூயார்க்கில் ஒளிந்து வாழ்கிறார்கள் இந்தக் கதைமாந்தர்கள். ஸ்னோ ஒயிட் துணை மேயர், ஓநாய் ஷெரீஃப். முதல் கதை ரத்தம் தெறித்த ஓர் அறையைச் சுற்றிய துப்பறியும் கதை. இரண்டாவதில் பன்றிக்குட்டிகளில் ஒன்றின் தலையை வெட்டிக் கம்பத்தில் செருகியிருப்பார்கள். படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் வாங்கித் தரமாட்டேன். பிளஸ் டூ தாண்டட்டும். நீங்கள் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர் என்றால் உங்களுக்கென்றே ஒன்று வாங்கிப் பாருங்கள், தப்பில்லை.

அப்புறம், அந்த மூன்று விதம். ஒரே கதையைத்தான் மூன்று வகையாகக் கட்டி விற்கிறார்கள். தனித்தனி இதழாக வெளிவந்து 2015இல் முடிந்த 150 இதழ்களும் சாதா அட்டையில் 22 புத்தகம், கெட்டி அட்டை டீலக்ஸில் 15 புத்தகம், காம்பெண்டியம் என்ற குண்டுப் பதிப்பில் 4 புத்தகம். ஒன்றின் எண் மற்றதோடு ஒத்துப்போகாது. டீலக்ஸ் ஒன்றாம் புத்தகத்தில் 1 முதல் 10 வரை இதழ்கள் இருக்கின்றன. சாதாவில் முதல் இரண்டு புத்தகங்களும் சேர்ந்தால் அதேதான். டீலக்ஸ் ஒன்றை வாங்கிவிட்டு அடுத்ததாகச் சாதா இரண்டை வாங்கினால், படித்த கதைக்கே மறுபடி பணம் கொடுத்ததாகும். ஆகவே பாக எண்ணை விட்டுவிட்டு, உள்ளே எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை என்று பாருங்கள். 2022இல் தொடரை மறுபடி தொடங்கி 162ஆம் இதழ் வரை கொண்டுபோனார்கள். அவை இந்தக் கணக்கில் சேராதவை.

கணக்குப் பார்த்தால் காம்பெண்டியம்தான் மலிவு. ஆனால் ஒவ்வொன்றும் செங்கல் கனம், படுத்துக்கொண்டு படிக்கிற ஜாதி இல்லை. என்னைக் கேட்டால், சாதா ஒன்றாம் புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். பின்னட்டையில் பெரும்பாலும் டாலர் விலைதான் போட்டிருக்கும். அதை அன்றைய மதிப்பில் ரூபாயாக்கிப் பாருங்கள், கடைக்காரர் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். கோவைக்குப் போகிற வேலை இருந்தால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: எழுதியவரே இதைப் பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டாராமே? அதனால் பாதி விலைக்கு வரும் பதிப்பு சட்டப்படி சரியானதுதான் என்கிறார் விற்பவர்.
– வாசகி, குமுளி

பதில்: 2023 செப்டம்பரில் வில்லிங்ஹாம் அப்படி அறிவித்தது உண்மை. தொடர் எங்களுக்குச் சொந்தம் என்று டிசி உடனே மறுத்ததும் உண்மை. விற்பவர் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். தவிர, படங்கள் வில்லிங்ஹாம் வரைந்தவை அல்ல. பெரும்பகுதி மார்க் பக்கிங்ஹாமுடையவை. திருட்டு அச்சா என்று பார்க்க அவர் பக்கங்களே போதும். கசவு வேட்டிக்குக் கரை போல, பல பக்கங்களின் ஓரத்தில் சித்திர வேலைப்பாடு ஓடும். நகல் எடுத்து அடித்த புத்தகத்தில் அந்தக் கரை வெட்டுப்பட்டிருக்கும், இருட்டுக் காட்சிகள் கறுப்புத் திட்டாகியிருக்கும், பலூன் எழுத்து மங்கியிருக்கும். வாங்காதீர்கள்.

கேள்வி: ‘22 புத்தக முழு செட்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஷாப்பிங் தளத்தில் பணம் கட்டினேன். முதல் 11 புத்தகம்தான் வந்தது. “படம் மாதிரிக்குப் போட்டது, ரிட்டர்ன் கிடையாது” என்கிறார் டெல்லியில் இருக்கும் விற்பனையாளர். வழக்குப் போட டெல்லிக்கா போக முடியும்? வந்ததை அதற்குள் படிக்கலாமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர் அல்ல, ஆந்திரச் சித்தூர்)

பதில்: போக வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அதுவரை போகாமலே முடியவும் வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதன்முன் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பேச்சு எடுபடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன மறுநாளே ‘22’ என்பதை ‘11’ என்று திருத்திவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதானால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதீர்கள். மீதி 11ஐயோ அதற்கான பணத்தையோ கேட்பதானால் தாராளமாகப் படியுங்கள். பெரும்போர் 75ஆம் இதழில் முடிகிறது. அது உங்கள் கையில் இருக்கும் 11ஆம் புத்தகத்தில்தான் இருக்கிறது.