கேளுங்கள், சொல்கிறேன்: வியர்வை சாட்சி சொல்லுமா?

கேள்வி: ஐயா, என் கணவர் இரவுச் சந்தையில் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். அதில் கையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பொய் என்றால் சிவப்பு விளக்கு எரிந்து சுருக்கென்று ஷாக் அடிக்கும். விளையாட்டாகத்தான் தொடங்கினோம். அந்த வாரம் சாமி மேடையில் வைத்திருந்த 50 ரிங்கிட் காணாமல் போயிருந்தது. படிவம் இரண்டில் படிக்கும் பெரியவனுக்கு விளக்கு எரியவில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் சின்னவன் அப்போதுதான் பந்து விளையாடிவிட்டு வந்தான். அவனுக்குக் கேட்கும்போதெல்லாம் ஷாக். எடுக்கவில்லை என்று அழுகிறான். அவன் அப்பா நம்ப மறுக்கிறார். கருவி சொல்வது உண்மைதானா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இல்லை, அம்மா. முதலில் அந்தக் கருவியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அதற்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. கை வைக்கும் இடத்தில் உலோகத் தகடுகள் இருக்கும். அவற்றுக்கிடையே தோல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். வியர்வையில் உப்பு உண்டு. கை ஈரமானால் மின்சாரம் எளிதாகப் பாயும், விளக்கு எரியும். பயம், கோபம், வெட்கம், திடீர்ச் சத்தம் என எது வந்தாலும் ஓரிரு வினாடிகளில் உள்ளங்கை வியர்த்துவிடும். உங்கள் சின்னவனோ ஏற்கெனவே வியர்த்து வந்தவன். எதிரே அப்பா முறைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு முறை ஷாக் வாங்கிய பிள்ளைக்கு, அடுத்த கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே கை நனைந்துவிடும். நிரபராதிக்கும் அப்படித்தான்.

உங்கள் கணவருக்கு என் சொல்லைவிட அவர் கையே நல்ல சாட்சி. வன்பொருள் கடையில் மல்டிமீட்டர் என்ற, மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கும். அவருடைய இரண்டு விரல் நுனிகளில் அலுமினியத் தாளைச் சுற்றி, டேப்பால் ஒட்டுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தத் தாள்களில் பொருத்தி, மின்தடை (மின்சாரம் பாய்வதைத் தோல் எவ்வளவு தடுக்கிறது என்பது) அளக்கும் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். கையை மேசையில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். தாளை அழுத்தினாலே எண் மாறும். எண் ஓரளவு நிலைத்ததும் சட்டென்று ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள், அல்லது பின்னாலிருந்து பலமாகக் கைதட்டுங்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் மின்தடை இறங்குவதைக் காண்பார். அவர் வாயே திறக்கவில்லை, பொய் எங்கிருந்து வந்தது? (பேட்டரியில் ஓடும் மீட்டர் மட்டுமே போதும். சுவர் மின்சாரத்தில் செருகிய எதனுடனும் கையை இணைக்காதீர்கள்.)

பிறகு இதையே நல்ல விளையாட்டாக்கலாம். ஐந்து சீட்டுகளில் ஒன்றைச் சின்னவன் மனத்துக்குள் நினைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றாகக் காட்டி "இதுவா?" என்று அப்பா கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் அவன் "இல்லை" என்பான். எண் எங்கே அதிகம் இறங்கியது என்று பார்த்து அப்பா ஊகிக்கலாம். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்தில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால், பல முறை ஆடிக் கணக்கெழுதச் சொல்லுங்கள். பெரியவனுக்கு அறிவியல் பாடத்துக்கும் உதவும். ஷாக் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த 50 ரிங்கிட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், "கருவியை நம்பி உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்று அப்பா தம் வாயால் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: காவல் துறையினர் பயன்படுத்தும் பெரிய கருவியும் இப்படித்தானா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அடிப்படை அதேதான், கூடுதலாக மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் அது பதிவு செய்யும். 1921இல் அமெரிக்காவின் பெர்க்லி காவல் துறையில் பணியாற்றிய ஜான் லார்சன் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதுவும் உடலின் பதற்றத்தைத்தான் அளக்கிறது. ஒருவர் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. சோவியத் ஒன்றியத்துக்கு உளவு பார்த்த, அமெரிக்க உளவுத் துறையான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தச் சோதனையில் தேறினார். 1994இல்தான் கைதானார், அவர்மீது சந்தேகத்தை வலுக்கச் செய்தவை வங்கிக் கணக்குகளும், சம்பளத்துக்கு மீறிய செலவும், ரொக்கம் கொடுத்து வாங்கிய வீடும்.