பிரேக்டவுன் கவர் தானாகப் புதுப்பித்துக்கொண்டால்: கேள்விகளும் பதில்களும்

கார் நடுவழியில் நின்றால் வந்து உதவும் பிரேக்டவுன் கவரை எப்படி நிறுத்துவது, எப்படி வேறு கம்பனிக்கு மாற்றுவது என்று பிரித்தானியாவில் இருக்கும் பலர் கேட்டிருந்தீர்கள். கார் காப்புறுதித் துறையில் வேலை செய்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விகளுக்குப் போக முன் ஒன்று. இதில் வரிசை முக்கியம். முதலில் புதுக் கவர், அப்புறம் பழையதை எழுத்தில் நிறுத்துவது, கடைசியாகத்தான் வங்கி. இந்த வரிசை மாறினால் சிக்கல்தான்.

ஹரோவிலிருந்து ஓர் அக்கா: போன வருடம் 89 பவுண் கட்டினேன். இந்த வருடக் கடிதத்தில் 164 என்று இருக்கிறது. அதே கம்பனியின் இணையத்தளத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 95. இப்படிச் செய்யலாமா? சட்டம் ஒன்றும் இல்லையா?

செய்யலாம் அக்கா, அதுதான் கவலையான விஷயம். 2022 ஜனவரி 1 முதல் கார் காப்புறுதிக்கும் வீட்டுக் காப்புறுதிக்கும் ஒரு விதி இருக்கிறது. பழைய வாடிக்கையாளரிடம், அதே கவருக்குப் புதியவரிடம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேட்கக்கூடாது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ கொண்டுவந்த விதி அது. ஆனால் தனியாக வாங்கும் பிரேக்டவுன் கவர் அதற்குள் வராது. கார் காப்புறுதியோடு சேர்த்து எடுத்த பிரேக்டவுன் கவர்தான் வரும். ஆகவே தனியாக எடுத்தவர்கள் பேசாமல் இருந்தால் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகலாம். இந்த விதியை இதற்கும் நீட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடிதத்தைக் கையில் எடுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து, போன வருடம் கட்டிய தொகையையும் இந்த வருடத் தொகையையும் புதுப்பிப்புக் கடிதத்தில் காட்ட வேண்டும். நாலாவது தடவையோ அதற்கு மேலோ புதுப்பிக்கிறீர்கள் என்றால், வேறு இடங்களிலும் விலை பாருங்கள் என்று அவர்களே எழுத வேண்டும். அந்த வசனம் உங்கள் கடிதத்தில் இருந்தால் நீங்கள் கனகாலம் பேசாமல் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி தொலைபேசி. "ரினியூவல் பற்றிக் கதைக்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். "கான்சல் பண்ண வேண்டும்" என்று தொடங்குங்கள். இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் இருப்பார்கள், விலையைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் கான்சல் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான். அவர்கள் ஏனென்று கேட்டால், "உங்கள் இணையத்தளத்திலேயே 95 பவுணுக்குக் கிடைக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். அதன்பிறகு அவர்கள் கதைக்கட்டும்.

விலை இறங்கியதும் உடனே ஓம் சொல்லிவிடாதீர்கள். என்ன இறங்கியது என்று கேளுங்கள். 164 இருந்தது 90 ஆகும்போது, வீட்டு வாசலில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வரும் உதவி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கலாம். ரோட்சைட் மட்டும் உள்ள கவரில், வீட்டிலிருந்து கால் மைலுக்குள் நின்றால் பொதுவாக வரமாட்டார்கள். குளிர்காலக் காலையில் பற்றரி இறங்குவது அநேகமாக வீட்டு வாசலில்தானே. காரை நீங்கள் சொல்லும் ஊர்வரை ஏற்றிப்போகும் ரிக்கவரியும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் பக்கத்துக் கராஜ் வரைக்கும்தான். "வீட்டில் உதவி இருக்கிறதா, நாடு முழுக்க ரிக்கவரி இருக்கிறதா, எத்தனை பேருக்கு, எந்தக் கார்களுக்கு" என்ற கேள்விகளுக்கும் விடை கேட்டு, அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தம்பி: கடிதத்தைப் பார்க்கவே இல்லை அண்ணா. போன கிழமை கணக்கிலிருந்து காசு போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும் தம்பி, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். வருடக் காப்புறுதிக்கு 14 நாள் மனம் மாறும் உரிமை இருக்கிறது. புதிதாக எடுத்தவருக்கு மட்டுமல்ல, புதுப்பித்தவருக்கும் உண்டு. ஒப்பந்தம் தொடங்கிய நாள், முழு ஆவணங்களும் உங்கள் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். கவர் இருந்த நாட்களுக்குரிய சிறு தொகையைக் கழிக்கலாம், மிச்சம் திரும்பும். இந்தப் புதிய வருடத்துக்குள் அவர்களைக் கூப்பிட்டு உதவி வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு, காசு திரும்பாமலே போகலாம்.

தொலைபேசியில் சொன்னாலும் அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். பெயர், மெம்பர்ஷிப் இலக்கம், "14 நாள் காலத்துக்குள் ரத்து செய்கிறேன்" என்ற ஒரு வரி, திகதி. இவ்வளவும் போதும்.

கொவென்ட்ரி: வங்கி ஆப்பில் டிரெக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டேன். வேலை முடிந்தது என்று எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். டிரெக்ட் டெபிட்டை எந்த நேரமும் நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் நிறுத்தியது காசு போகும் வழியை மட்டும்தான். ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. மாதாமாதம் கட்டினாலும் பல கவர்கள் உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். மிச்ச மாதங்களுக்குரிய தொகை பாக்கி என்று கடிதம் வரும், அதையும் பார்க்காமல் விட்டால் கடன் வசூலிப்பவர்களிடம் போகலாம். ஆகவே இன்றே கம்பனிக்கு எழுதி, கவர் முடியும் திகதியை எழுத்தில் வாங்குங்கள்.

ரத்து செய்ததை அவர்கள் உறுதிப்படுத்திய பிறகும் தவறுதலாகக் காசு எடுத்தால், அதற்கு டிரெக்ட் டெபிட் உத்தரவாதம் இருக்கிறது. கம்பனியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. உங்கள் வங்கியிடமே கேட்டுத் திரும்ப வாங்கலாம்.

மில்டன் கீன்ஸ்: கார்ட் காலாவதியாகிவிட்டது, இனி எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். புதுக் கார்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இலக்கத்தை நான் கொடுக்கவே இல்லை. களவா இது?

களவு இல்லை. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. முதல் தடவை கார்டில் கட்டும்போது, இனிமேலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். வங்கியில் அதற்குப் பெயர் கன்டினியூவஸ் பேமெண்ட் அத்தோரிட்டி. விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் புதுக் கார்ட் விவரங்களை இப்படிப்பட்ட கம்பனிகளுக்குத் தானாகப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவை உண்டு. ஆகவே கார்ட் காலாவதியாவதை நம்பி இருக்க முடியாது.

இது டிரெக்ட் டெபிட் பட்டியலில் தெரியாது, அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். வங்கிக்குக் கோல் எடுத்து அந்தப் பெயரையே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள், காசு போகும் நாளுக்கு முந்தைய வேலை நாளுக்குள். "கம்பனியிடம் கேளுங்கள்" என்று வங்கி உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. நீங்கள் கேட்டால் அவர்கள் நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தச் சொன்ன பிறகும் போனால், அந்தக் காசை வங்கிதான் திருப்பித் தர வேண்டும்.

டூட்டிங்: வேறு கம்பனிக்கு மாறப்போகிறேன். பழையது முடியும் நாளன்றே புதியது தொடங்கினால் சரிதானே?

ஒரு நாள் முந்தித் தொடங்குவது நல்லது. பல கவர்களில் முதல் 24 மணி நேரத்துக்கு எல்லா உதவியும் கிடைக்காது, குறிப்பாக வீட்டு உதவியும் தூர ரிக்கவரியும். ஒரு நாள் இரட்டிப்பாகக் கட்டுவது சில பென்ஸ்தான். இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மோட்டர்வேயில் கார் நின்று, உங்களுக்குக் கவர் இல்லாமல் பொலிஸ் ஆள் வைத்து அகற்றினால், இங்கிலாந்தில் சேதமில்லாத சாதாரணக் காருக்குச் சட்டப்படியான கட்டணம் 192 பவுண். ஓரிடத்தில் வைத்திருக்கும் நாட்களுக்கு வேறாகக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. கார் ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தால், அந்தப் பழுதுக்குப் புதுக் கவர் வராது. முதலில் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

புதியதை எடுக்கும்போதே ஓட்டோ ரினியூவலை நிறுத்திவிடுங்கள். வாங்கும்போதோ பிறகு எந்த நேரமுமோ அதை இலகுவாக நிறுத்த வழி கொடுக்க வேண்டும் என்பதும் எஃப்சிஏ விதிதான். நிறுத்திய பிறகு, முடியும் திகதிக்கு மூன்று கிழமைக்கு முன் உங்கள் தொலைபேசியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அது இல்லாமல் நிறுத்துவது ஆபத்து, கவர் முடிந்ததே தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

லெஸ்டர்: அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். கவர் அவர் பெயரில். காரை இப்போது அம்மா ஓட்டுகிறார். அம்மாவுக்கு உதவி வருமா?

உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அம்மா அடுத்ததாகக் காரை எடுக்க முன் இதைப் பாருங்கள். கவரில் இரண்டு வகை உண்டு. ஆளுக்கு எடுத்ததென்றால் அது அப்பாவுக்கே உரியது, அம்மாவின் பெயர் அதில் தனியாக இருந்தால் ஒழிய உதவி கேட்க முடியாது. காருக்கு எடுத்ததென்றால் யார் ஓட்டினாலும் அந்தக் காருக்கு வருவார்கள், ஆனால் அதையும் அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும். கம்பனிக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள். பெரிய கம்பனிகளில் இதற்கென்றே தனி ஆட்கள் இருப்பார்கள். மிச்ச மாதங்களுக்குரிய காசு திரும்புமா என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம். கார்க் காப்புறுதியும் அப்பா பெயரில் இருந்தால் அதை இன்றே பாருங்கள், அதுதான் இன்னும் அவசரம்.

பர்மிங்ஹாம்: மினிகாப் ஓடுகிறேன், சில நாள் உணவு டெலிவரியும். சாதாரணக் கவர் போதுமா?

பெரும்பாலும் போதாது அண்ணா. கூலிக்கு ஆள் ஏற்றுவதும் பொருள் கொண்டுபோவதும் பல கவர்களில் விலக்கு. மாறுவதாக இருந்தால் விலையைப் பார்க்க முன் அந்த விலக்குப் பகுதியை வாசியுங்கள். கேட்கும்போது தொழிலை மறைக்காமல் சொல்லுங்கள்.

குரொய்டன்: கார் விற்றுவிட்டேன், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. காசு திரும்புமா?

14 நாள் தாண்டினால் பல கம்பனிகள் ஒன்றும் தராது, சில கழித்துத் தரும். ஒப்பந்தத்தில் இருக்கும். வேறு கார் வாங்குகிறீர்களென்றால் அதற்கு மாற்றச் சொல்லுங்கள். புதுக் கார் என்றால் அதோடு ஒரு வருடக் கவர் இலவசமாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக் கட்டணம் வாங்கும் வங்கிக் கணக்குகள் சிலவற்றிலும் கவர் உள்ளேயே இருக்கும். இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மறுபடி ஈஸ்ட் ஹாம் தம்பி: எழுதினேன் அண்ணா. 14 நாளுக்குள்தான் எழுதினேன், ஆனாலும் மாட்டோம் என்கிறார்கள்.

அப்படியென்றால் "இது முறைப்பாடு" என்ற சொல்லையே போட்டு, ஆங்கிலத்தில் "கம்ப்ளெயிண்ட்" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். அதன்பின் அவர்களுக்கு இறுதிப் பதில் தர 8 கிழமை இருக்கிறது. பதில் திருப்தியில்லை என்றாலோ 8 கிழமை ஓடிவிட்டாலோ, இப்படிப்பட்ட முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரித்து முடிவு சொல்லும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். உங்களுக்கு அது இலவசம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய அந்த மின்னஞ்சலை, திகதி தெரியும்படி சேர்த்து அனுப்புங்கள்.