இசிஜி ஆய்வில் ஏஐ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இசிஜி எண்களை அப்படியே மொழி மாடலிடம் கொடுத்து, கோளாறு உண்டா என்று கேட்கலாமா?

வேண்டாம். 12 லீட் (இதயத்தின் மின் அலையைப் பார்க்கும் 12 கோணங்கள்), 10 விநாடி, விநாடிக்கு 500 புள்ளிகள் என்றால் மொத்தம் 60,000 எண்கள். மாடலுக்கு அவை எழுத்துத் துண்டுகளே தவிர அலை அல்ல. ஆனாலும் பதில் தயக்கமின்றி வரும்; ஆபத்தே அதுதான். பைத்தான் நிரலை மாடல் எழுதட்டும், கணக்கை நிரல் போடட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக உயரும் ஆர் முனைகளைக் கண்டறிய 1985இல் வெளியான பான்-டாம்ப்கின்ஸ் முறை இன்றும் நல்ல தொடக்கம். அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஆனால் எல்லோருக்கும் இதயத் துடிப்பு குறைவாகவே வருகிறது. ஏன்?

சாம்பிளிங் வீதத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை புள்ளிகள் என்பதைப் பாருங்கள். ஆய்வாளர்கள் பலரும் பயன்படுத்தும் எம்ஐடி-பிஐஎச் இசிஜி தொகுப்பின் பதிவுகள் விநாடிக்கு 360 புள்ளிகள் கொண்டவை. மாடல் தன் போக்கில் 250 என்று எழுதிவிட்டால், நிமிடத்துக்கு 72 துடிப்பு 50 ஆகிவிடும். நலமாக இருப்பவரும் நோயாளி ஆகிவிடுவார். வீதத்தைக் கோப்பின் தலைப்புப் பகுதியிலிருந்தே படிக்கச் சொல்லுங்கள்.

வேண்டாத அலைகளை நீக்கும் வடிகட்டியிலும் இதே கதைதான். அடிக்கோட்டின் அலைவை நீக்க 0.5 ஹெர்ட்ஸ் வெட்டு எல்லையை (அதற்குக் கீழான மெதுவான அலைகள் நீங்கும்) மாடல் எழுதித் தரலாம். துடிப்பை எண்ண அது போதும். ஆனால் சாதாரண வடிகட்டி அந்த எல்லையில் எஸ்டி பகுதியின் (மாரடைப்பின் அறிகுறியை மருத்துவர் தேடும் இடம்) வடிவத்தையே மாற்றக்கூடும். நோயறிதலுக்கான இசிஜியில் கீழ் எல்லையை 0.05 ஹெர்ட்ஸில் வைப்பது அதனால்தான். எதற்காக வடிகட்டுகிறீர்கள் என்று சொல்லாமல் நிரல் கேட்காதீர்கள். மின்கம்பி இரைச்சல் 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்; அது நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: மாடல் அமைத்துத் தந்த வகைப்படுத்தி (துடிப்புகளை வகை பிரிக்கும் நிரல்) 99 சதவீதம் சரியாக வருகிறது. நம்பலாமா?

எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. துடிப்புகளைக் கலைத்துப்போட்டுப் பிரித்தால், ஒரே நோயாளியின் துடிப்புகள் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கும்; ஏற்கெனவே பார்த்த ஆள் என்பதால் மதிப்பெண் பொய்யாக உயரும். பிரிப்பது ஆள்வாரியாக இருக்க வேண்டும். எம்ஐடி-பிஐஎச்சில் 48 பதிவுகள், ஆட்களோ 47 பேர்தான். 201, 202 இரண்டும் ஒருவருடையவை. இந்த நுணுக்கத்தை மாடல் தானாகக் கவனிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான துடிப்புகள் இயல்பானவை என்பதால், எல்லாமே இயல்பு என்று சொன்னாலும் மொத்த மதிப்பெண் உயர்ந்தே வரும்; ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அறிக்கையையாவது மாடல் எழுதலாமா?

எழுதலாம், நிரல் தந்த எண்களை மட்டும் வைத்து. நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நீக்கிவிட்டே அனுப்புங்கள். கையெழுத்து மருத்துவருடையது.